டெவன் தீவு: நீர் நிற்கும் இடமும் நிற்காத இடமும்

கனடிய ஆர்க்டிக்கின் லங்காஸ்டர் நீரிணைக்குள் நுழைந்து மேற்கு நோக்கிப் போகும் கப்பலுக்கு, வலப்பக்கம் ஒரு பாறைச் சுவர் நாள் முழுக்கக் கூடவே வரும். உச்சி வெட்டி வைத்ததுபோலத் தட்டையாக இருக்கும். சரிவில் மேலிருந்து கீழாக நீளநீளமாகக் கீறல்கள் இறங்கும். ஆர்க்டிக்கின் பழங்குடிகளான இனுயிட் மக்கள் இந்தத் தீவுக்கு வைத்த பெயர் தல்லுருதித். பச்சை குத்திய பெண்ணின் தாடை என்று பொருள். அந்தக் கீறல்கள்தான் பச்சை குத்திய கோடுகள். கடலில் இருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. தீவைப் புரிந்துகொள்ள அங்கிருந்து தொடங்குவதே சரி.

1616இல் ஆங்கிலேயக் கடலோடிகளான ராபர்ட் பைலட்டும் வில்லியம் பாஃபினும் இதன் கரையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருநூறு வருடம் கழித்து, 1819-20 பயணத்தில் வில்லியம் எட்வர்ட் பாரி இதற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துப் பெயரைச் சூட்டினார். இன்று வரைபடத்தில் இருப்பது அந்தப் பெயர். கனடாவின் நுனாவுட் ஆட்சிப்பகுதியில் 55,247 சதுர கிலோமீட்டர் பரப்பு, கிட்டத்தட்ட குரோயேஷியா நாட்டின் அளவு. ஒரு ஊர்கூட இல்லை. ஆளில்லாத் தீவுகளில் உலகிலேயே பெரியது இதுதான்.

ஏன் ஆளில்லை என்று கேட்டால் "அவ்வளவு குளிர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பதில் நிற்காது. டெவனுக்கு வடக்கே, ஜோன்ஸ் நீரிணைக்கு அந்தப் பக்கம் எல்ஸ்மியர் தீவில் கிரைஸ் ஃபியோர்ட் என்ற ஊர் இருக்கிறது. மேற்கே கார்ன்வாலிஸ் தீவில் ரெசலூட் இருக்கிறது. இரண்டிலும் குடும்பங்கள் வாழ்கின்றன, பள்ளிக்கூடம் நடக்கிறது. நடுவில் இருக்கும் டெவன்தான் காலி. குளிர் மூன்றுக்கும் பொது. டெவனில் எதற்குக் காரணம் தேடினாலும், நீர் எந்த நிலையில் எங்கே நிற்கிறது என்ற கேள்வியில்தான் போய் முடியும். நிலத்தில் நீர் தங்காததால் பீடபூமி வெறுமை. கடல்மேல் உறைந்த நீர் சரியாகப் படியாததால் மனிதர்கள் கிளம்பிப் போனார்கள்.

முதலில் தீவின் அமைப்பு. கிழக்கே ஏறக்குறைய கால் பங்கை மூடிக்கொண்டு பனிக்கவிகை, அதாவது நிலத்தின்மேல் கவிந்த பெரும் பனிக்கட்டிப் படலம், உட்கார்ந்திருக்கிறது. அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர். அந்தப் பக்கத்து அடிப்பாறை நைஸ் என்ற மிகப் பழைய உருமாறிய பாறை. மேற்கே வர வர சுண்ணாம்புக்கல்லும் அதன் உறவான டோலமைட்டும் அடுக்கடுக்காகப் படிந்த பீடபூமி, பெரும்பாலும் 300 முதல் 500 மீட்டர் உயரம். ஓரங்களில் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. வடமேற்கில் கிரின்னெல் தீபகற்பம் நீட்டிக்கொண்டிருக்கிறது. கரையோரமாக அங்கங்கே சில தாழ்நிலத் துண்டுகள் உண்டு. பரப்பில் அவை அற்பம். உயிர்களுக்கு அவைதான் எல்லாம்.

தட்பவெப்பத்துக்கு ரெசலூட் வானிலை நிலையத்தின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம், பக்கத்துத் தீவு, அதே அட்சரேகை. ஆண்டுச் சராசரி மைனஸ் 16 டிகிரியை ஒட்டி. பிப்ரவரியில் மைனஸ் 32, 33. ஜூலையில் 4, 5 டிகிரி. மழையும் பனியும் சேர்த்து வருடத்துக்கு 160 மில்லிமீட்டர் அளவுதான், பாலைவனக் கணக்கு. குளிர்ந்த காற்றால் நீராவியைத் தாங்க முடியாது. மைனஸ் 30 டிகிரியில் காற்றில் விழுவதற்கு ஈரமே இருக்காது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை சூரியன் மறைவதில்லை. நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை உதிப்பதில்லை.

ஜூலையில் இறங்குகிறவர்களை ஏமாற்றுவது இதுதான்: பாலைவனம் என்று படித்துவிட்டு வந்தவர் முழங்கால் சேற்றில் நிற்பார். கீழே பல நூறு மீட்டர் ஆழத்துக்கு நிலம் நிரந்தரமாக உறைந்திருக்கிறது. கோடையில் மேலே முழங்கால் முதல் இடுப்பு வரையிலான ஆழம்தான் இளகும். உருகிய நீருக்குக் கீழே போக வழியில்லை. அடைத்த தொட்டியில் தண்ணீர் ஊற்றியதுபோல மேலடுக்கிலேயே நிற்கும். டோலமைட் பாறை உறைந்தும் உடைந்தும் மாவு போன்ற வண்டலாகும் குணம் கொண்டது. அந்த மாவு ஈரத்தைப் பிடித்தால் கஞ்சிப் பதத்துக்கு வந்துவிடும். நான்கு சக்கர வண்டி அதில் அச்சு வரை இறங்கும். இரண்டு வாரம் வெயிலும் காற்றும் பட்டால் அதே இடம் ஓடு போலக் காய்ந்து வெடிக்கும். பருவ ஈரம் முழுவதும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் வந்து போய்விடுகிறது. செடிக்குத் தேவைப்படும் ஜூலைக் கடைசியில் நிலம் வறண்டு கிடக்கிறது.

பீடபூமியில் மண்டியிட்டு உட்கார்ந்து தரையைப் பார்க்க வேண்டும். யாரோ கையால் அடுக்கியதுபோலக் கல் வளையங்கள் தெரியும். குறுக்கே ஓர் ஆள் நீளம், சில இடங்களில் இரண்டு ஆள் நீளம். ஓரத்தில் தட்டைக் கற்கள் விளிம்பு மேலே தெரியச் செங்குத்தாக நிற்கும், நடுவில் சலித்தெடுத்ததுபோல நுண்மண். அடுத்த வளையம் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கடுத்தது அதோடு. தேனடை மாதிரி அடிவானம் வரை போகும். நுண்மண் ஈரத்தை அதிகம் பிடிக்கும். குளிர் மேலிருந்து இறங்கும்போது அந்த ஈரம் பனிக்கட்டியாகி ஊதும். ஊதுகிற மண் கல்லையும் சேர்த்து மேலே தூக்கும். வசந்தத்தில் மண் தளரும்போது, தூக்கிய கல்லுக்கு அடியில் உண்டான இடைவெளிக்குள் நுண்மண் நழுவி விழுந்துவிடும். கல் பழைய இடத்துக்குத் திரும்பாது. மேலே வந்த கல் ஊதிய மேட்டிலிருந்து ஓரத்துக்குச் சரியும். ஆயிரக்கணக்கான வருடம் இதே வேலை நடந்தால் கல் தனி, மண் தனி. சமதளத்தில் வளையம். சில டிகிரி சரிவு வந்தாலே வளையம் நீண்டு, உழுத சால் போலக் கோடுகளாகிவிடும்.

இந்த ஓயாத அசைவுதான் செடிகளுக்குப் பெரிய எதிரி என்பது என் கணிப்பு, குளிர் இரண்டாவதுதான். வேர் பிடித்த இடம் அடுத்த குளிர்காலத்தில் ஊதி வேரை அறுக்கிறது. அதோடு டோலமைட் மண் காரத்தன்மை கொண்டது, நைட்ரஜனும் பாஸ்பரஸும் சொற்பம். பீடபூமியின் பெரும்பகுதியில் நூறு அடி நடந்தால் ஊதாப்பூ சாக்சிஃப்ரேஜ் இரண்டு கொத்து, ஆர்க்டிக் பாப்பி ஒன்று, கல்லில் அப்பிப் படர்ந்த கறுப்பு லைக்கன். அவ்வளவுதான்.

இங்கே வேலை செய்யப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். வாகனம் ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானம்தான். கோடையில் பெரிய டயரும், வசந்தத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளும் பொருத்துவார்கள். ரெசலூட்டில் மேகம் தரைதட்டி நின்றால் நாட்கணக்கில் பறக்காது. ஜூலை, ஆகஸ்டில் கடல்பனி உடைந்து திறந்த நீர் தெரியத் தொடங்கும்போது மூடுபனி அதிகமாகும். அதனால் உணவும் எரிபொருளும் திட்டமிட்ட நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்காவது கூடுதலாக இருக்க வேண்டும். காந்தத் திசைகாட்டியை நம்பக்கூடாது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வட காந்த முனை இந்தத் தீவுக்கூட்டத்துக்குள்ளேயே நகர்ந்துகொண்டிருந்தது. முனை பக்கத்தில் இருக்கும்போது விசை கீழ்நோக்கித்தான் இழுக்கும், முள்ளைக் கிடைமட்டமாகத் திருப்ப வலு இருக்காது. ஆற்றைக் கடப்பதாக இருந்தால் அதிகாலையில் கடக்க வேண்டும். சூரியன் மறையாவிட்டாலும் நள்ளிரவில் அது தாழ்வாகத்தான் நிற்கும், உருகல் குறையும். பிற்பகலில் உருகிய நீர் ஆற்றுக்கு வந்து சேர மாலையாகும். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை திரும்பி வரும்போது தொடைக்கு மேல் ஓடும். கூடாரம் அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம் என்று மாட்டிக்கொள்வது இப்படித்தான். கரையோர முகாம் என்றால் பனிக்கரடிக்கு முறைவைத்துக் காவல் கட்டாயம்.

இனி ட்ரூலவ் தாழ்நிலம். தீவின் வடகரையில், ஜோன்ஸ் நீரிணையை ஒட்டி, வெறும் 43 சதுர கிலோமீட்டர். 1960இலேயே அங்கு ஆய்வு முகாம் அமைந்தது. 1970களின் முற்பாதியில் சர்வதேச உயிரியல் திட்டத்தின் கீழ் லாரன்ஸ் பிளிஸ் தலைமையில் பெரிய குழு ஒன்று மண், பாசி, கோரை, பூச்சி, எலி, கஸ்தூரி எருது என ஒவ்வொன்றையும் எடைபோட்டு, ஆற்றல் எங்கிருந்து எங்கே போகிறது என்று கணக்கெழுதியது. உயர் ஆர்க்டிக்கில் ஒரு நிலத்துண்டு இவ்வளவு பொறுமையாக அளக்கப்பட்டது அபூர்வம்.

பீடபூமியிலிருந்து சில மணிநேர நடையில் இருக்கும் இந்த இடம் எப்படிப் பச்சையாக இருக்கிறது? கிழக்கிலும் தெற்கிலும் சுமார் 300 மீட்டர் பாறைச் சுவர். பீடபூமியிலிருந்து இறங்கும் காற்று அழுத்தப்பட்டு வெதுவெதுப்பாகிறது, மேகமும் சற்று விலகுகிறது. மேலே மூடுபனி அப்பியிருக்கும் நாளில் கீழே வெயில் அடிக்கும். ஆனால் வெப்பத்தால் மட்டும் கோரை வளராது. இங்கே நீர் தங்குகிறது, அதுதான் வேறுபாடு. பனியுகத்தின் பளுவான பனி உருகிப்போனபின் நிலம் மெல்ல மேலெழுந்தது. எழுந்துகொண்டே வந்தபோது கடல் விட்டுச்சென்ற பழைய கரைகள் சரளை வரப்புகளாக, படிப்படியாக நிற்கின்றன. இன்றைய கடல்மட்டத்துக்கு எழுபது மீட்டருக்கு மேலேயும் பழைய கடற்கரை இருக்கிறது. இரண்டு வரப்புக்கு நடுவில் உருகுநீர் வடிய வழியில்லாமல் தேங்கும். அந்தப் பள்ளங்களில்தான் கோரையும் பாசியும் மண்டிய ஈரப் புல்வெளி. வரப்பின் மேல் வறண்ட சரளையில் டிரையாஸ் என்ற குட்டைப் பூச்செடி, நிலத்தோடு நிலமாய்ப் படரும் ஆர்க்டிக் வில்லோ. நெல்வயலும் வரப்பும் பழகிய கண்ணுக்கு அந்த அமைப்பு உடனே பிடிபடும்.

ஆர்க்டிக் வில்லோ மரம்தான், ஆனால் கணுக்கால் உயரத்தைத் தாண்டாது. விரல் தடிமன் இல்லாத தண்டைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் பல பத்தாண்டுகளின் வளையங்கள் நெருக்கியடித்து நிற்கும். வளர்ச்சிக்குக் கிடைப்பது வருடத்துக்கு ஏறக்குறைய 50 நாள்.

சரளை வரப்பில் நடக்கும்போது திடீரென்று ஒரு பாய் அகலத்துக்கு அடர் பச்சை தெரியும். கிட்டப் போனால் நடுவில் கஸ்தூரி எருதின் மண்டையோடு, கொம்பு வெளுத்து, பாசி ஏறி. எலும்பிலிருந்து கசியும் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் பிடித்துக்கொண்டு சுற்றிலும் புல் தழைத்திருக்கும். சுற்றியுள்ள சரளை வெறுமையாகவே கிடக்கும். தொல்லியலாளர்களுக்கும் இந்தப் பச்சைதான் வழிகாட்டி. திமிங்கல எலும்பையும் கல்லையும் வைத்துக் கட்டிய, இனுயிட் மக்களின் முன்னோரான தூலே மக்களின் வீடுகள் இடிந்து கிடக்கும் இடங்களை, பல நூறு வருடத்துக்குப் பிறகும், புல்லின் நிறம் காட்டிக்கொடுக்கிறது. அவர்களுக்கும் முன்னால், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரைகளில் வேட்டைக்காரர்கள் தங்கியிருக்கிறார்கள். "ஆளில்லாத் தீவு" என்ற பெயர் இன்றைய நிலைமைக்கு மட்டுமே பொருந்தும்.

கிழக்கே பனிக்கவிகைக்கு வருவோம். சுமார் 14,000 சதுர கிலோமீட்டர். தடிமன் சில இடங்களில் 800 மீட்டரைத் தாண்டும். தென்கிழக்குச் சரிவில் பனி அதிகம் விழும், வடமேற்கில் குறைவு. கிரீன்லாந்துக்கும் எல்ஸ்மியருக்கும் நடுவில் குளிர்காலத்திலும் முழுக்க உறையாத நீர்ப்பரப்பு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் ஈரம் முதலில் மோதுவது அந்தச் சரிவில்தான். வடகிழக்கில் பெல்ச்சர் பனியாறு கடலுக்குள் மலைமலையாகப் பனி உடைத்துப் போடுகிறது.

1961 முதல் இந்தக் கவிகையின் வடமேற்குப் பகுதியில், எவ்வளவு பனி சேர்ந்தது, எவ்வளவு உருகிப்போனது என்று வரவு செலவு எழுதப்படுகிறது. முறை எளிது. பனிக்கட்டியில் துளையிட்டு அலுமினியக் கம்பங்களை நடுவார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் கம்பம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளப்பார்கள். பனியில் குழி வெட்டி அடர்த்தி எடுத்து, எல்லாவற்றையும் நீரின் உயரமாக மாற்றி எழுதுவார்கள். கணக்கு தவறும் இடமும் உண்டு. கோடை கடுமையாக இருந்தால் கம்பம் முழுக்க உருகி வெளியே வந்து சாய்ந்துவிடும், அந்த வருடத்து அளவு போயிற்று. இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. மேலே உருகிய நீர் பழைய பனியின் துளைகளுக்குள் இறங்கி மறுபடி உறைந்தால், கம்பம் இழப்பைக் காட்டும், உண்மையில் நீர் எங்கும் போயிருக்காது. இப்படி உறைந்த தட்டுகள் தடித்துவிட்டால் அடுத்த வருட நீருக்கு இறங்க இடமில்லை. மேலோடு ஓடிக் கடலுக்குப் போய்விடும். வெப்பமான கோடைகள் அடுத்தடுத்து வரும்போது நடப்பது இதுதான், பஞ்சில் மெழுகு ஊற்றியதுபோல. கனடிய ஆர்க்டிக் தீவுகள் மொத்தமாக இழந்த பனி 2004-06இல் வருடத்துக்குச் சுமார் 31 கிகா டன் (ஒரு கிகா டன் நூறு கோடி டன்). 2007-09இல் சுமார் 92 கிகா டன்.

1970களின் தொடக்கத்தில் இங்கே அடிப்பாறை வரை, 299 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, நீள உருளையாகப் பனித்தண்டு எடுத்தார்கள். அதிலும் பழைய கோடைகளை வாசிக்க உதவியவை மறு உறைவுத் தட்டுகள்தான். காற்றுக்குமிழி நிறைந்த வெண்பனிக்கு நடுவில் குமிழியே இல்லாத கண்ணாடித் தட்டு வந்தால், அந்தக் கோடை உருக்கியிருக்கிறது என்று பொருள்.

இதே கவிகை ஆய்வாளர்களை ஒருமுறை திசைமாற்றியும் விட்டது. 2018இல் விமான ராடார் தரவை வைத்து, பனிக்கு அடியில் 500 மீட்டருக்கும் கீழே மிக உப்பான ஏரிகள் இருப்பதாக அறிவிப்பு வந்தது. அடித்தளம் மைனஸ் 10 டிகிரி அளவில் இருப்பதால், உப்பு இல்லாமல் நீர் திரவமாக இருக்க முடியாது என்பது வாதம். ராடாருக்குத் தட்டையான, பளிச்சென்ற எதிரொலி கிடைத்தது உண்மை. பிறகு குழு ஒன்று நேரில் போய் நிலநடுக்க அலைகளாலும் மின்காந்த முறையாலும் சோதித்தது. அங்கே ஏரி இல்லை, உறைந்த தரைதான் என்று 2024இல் எழுதினார்கள். முதலில் அறிவித்தவர்களில் சிலரே அந்தத் திருத்தத்திலும் பங்கெடுத்தார்கள் என்பதை நான் மரியாதையோடு பார்க்கிறேன். ஒரே கருவியின் பளபளப்பை மட்டும் வைத்து நீர் என்று முடிவுகட்டக் கூடாது என்பது செவ்வாய்க் கோளை ராடாரால் ஆராய்கிறவர்களுக்கும் தேவையான செய்தி.

செவ்வாய் என்றதும் ஹாட்டன் பள்ளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தீவின் மேற்குப் பாதியில், 23 கிலோமீட்டர் குறுக்களவில் விண்கல் விழுந்த பள்ளம். முதலில் உப்புக் குவிமாடம் என்று நினைத்திருந்தார்கள். அதிர்ச்சி அலை பாறையில் விட்டுப்போகும் கூம்புவடிவக் கீறல்களை 1975இல் அடையாளம் கண்டபின் சந்தேகம் தீர்ந்தது. வயது வெகுகாலம் 2.3 கோடி ஆண்டு என்று எழுதப்பட்டது. 2021இல் வந்த அளவீடு 3.1 கோடி என்கிறது. மோதல் சுமார் 1,900 மீட்டர் படிவுப்பாறையைத் துளைத்து அடியிலிருந்த நைஸை வாரி மேலே போட்டிருக்கிறது. அந்த நைஸ் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் நுரைக்கல்லைப் போல இலேசாக இருக்கும்; கனிமங்கள் ஆவியாகி உருகிப் போன துளைகள். பச்சையாக ஒரு கோடு சில துண்டுகளின் உள்ளே ஓடும். நீலப்பச்சைப் பாக்டீரியா வெளிக்காற்றுக்கும் புற ஊதாக் கதிருக்கும் ஒளிந்து, துளையில் தங்கும் சொட்டு ஈரத்தில் வாழ்கிறது. சிதறாத நைஸில் அதற்கு இடமில்லை.

பள்ளத்தில் பின்னாளில் ஏரி நின்றது. காடு சூழ்ந்த, வெதுவெதுப்பான காலம். 2007இல் தொல்லுயிர் ஆய்வாளர் நட்டாலியா ரிப்சின்ஸ்கி குழுவின் வண்டி எரிபொருள் தீர்ந்து நின்ற இடத்தில், காத்திருந்த நேரத்தில் ஓர் எலும்பு கண்ணில் பட்டது. கடல்நாய்களின் கால் முளைத்த உறவான புயிஜிலா அப்படித்தான் கிடைத்தது. 2009இல் விவரம் வெளியானது. அதே ஏரி வண்டலிலிருந்து காண்டாமிருகத்தின் எலும்புகளும் வந்திருக்கின்றன.

1997 முதல் இந்தப் பள்ளத்தில் செவ்வாய்ப் பயணத்துக்கான ஒத்திகை ஆய்வுகள் நடக்கின்றன. 2000இல் பள்ளத்தின் விளிம்பில், செவ்வாய்க்கு மனிதர் போக வேண்டும் என்று வாதிடும் மார்ஸ் சொசைட்டி உருளை வடிவ வசிப்பிடம் ஒன்றைக் கட்டியது. சாமான்களை விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கியபோது ஒன்று சரியாகப் பிடிக்காமல், தளப்பலகைகளும் தூக்கு இயந்திரமும் தரையில் மோதி நொறுங்கின. கையில் இருந்ததை வைத்து, சாரமும் கயிறும் கட்டி, ஆட்களே சுவர்ப் பலகைகளைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனாலும் டெவனைச் செவ்வாய் என்று சொல்லிச் சொல்லியே அது டெவன் என்பது மறந்துபோகிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு. இங்கே காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது, ஓடையில் குடிக்கத் தண்ணீர் ஓடுகிறது, பள்ளத்துக்குள் கஸ்தூரி எருது மேய்கிறது.

மனிதர்கள் ஏன் தங்கவில்லை என்பதற்குத் தென்கரையில் டன்டாஸ் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். தீவுக்கூட்டம் தன்னுடையது என்று காட்ட 1924இல் கனடா அங்கே காவல் நிலையம் வைத்தது. 1933இல் மூடியது. மறுவருடம் ஹட்சன்ஸ் பே கம்பெனி இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, பாஃபின் தீவின் கேப் டார்செட், பங்னிர்துங், பாண்ட் இன்லெட் ஊர்களிலிருந்து சுமார் 50 இனுயிட் மக்களை நாய்களோடு கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. நரித்தோல் வியாபாரம் நோக்கம். நிலத்தில் நரி இருந்தது, கடலில் வால்ரஸ் இருந்தது. கிடைக்காதது பாதை. ஆர்க்டிக் கரையில் குளிர்காலச் சாலை என்பது கரையோடு ஒட்டி உறைந்து அசையாமல் நிற்கும் கடல்பனிதான். லங்காஸ்டர் நீரிணையில் நீரோட்டமும் காற்றும் பனியை உடைத்து, மோதவிட்டு, ஆள் உயரத்துக்குக் குவித்துவிடும். பக்கத்திலேயே திறந்த நீர் கிடக்கும். அதில் நாய்ச்சறுக்கு போகாது. கரை செங்குத்துப் பாறை, ஏறி உள்ளே போகவும் முடியாது. குடாவுக்குள் அடைபட்ட நிலைமை. 1936இல் அவர்களைத் திரும்பவும் கப்பலில் ஏற்றினார்கள். எல்லாரும் சொந்த ஊர் போய்ச் சேரவில்லை. சிலர் வேறு வியாபார நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். காவல் நிலையம் 1945இல் மீண்டும் திறந்து 1951இல் நிரந்தரமாக மூடப்பட்டது. இன்று சில மரக் கட்டடங்களும், வேலியடைத்த சிறு இடுகாட்டில் இரண்டு காவலர்களின் கல்லறைகளும் மிச்சம்.

வினோதம் என்னவென்றால், மனிதரை அடைத்துப்போட்ட அதே உடைந்த பனிதான் கடலை வளப்படுத்துகிறது. திறந்த நீரில் வெளிச்சம் முதலில் இறங்கி, பாசி முதலில் பெருகுகிறது. அதைத் தேடி மீன், மீனைத் தேடி நார்வால், பெலுகா திமிங்கலங்கள், பாறைச் சுவரில் ஃபுல்மார் பறவைகள். 2019இல் இந்த நீரிணை தல்லுருதியுப் இமங்கா என்ற பெயரில் கடல் பாதுகாப்புப் பகுதிக்கான உடன்பாட்டுக்குள் வந்தது. சுமார் 1,08,000 சதுர கிலோமீட்டர், தீவைப்போல இரண்டு மடங்கு. பெயரில் தீவின் பழைய பெயர் அப்படியே இருக்கிறது.

வடகரையில் கதை வேறு. ஜோன்ஸ் நீரிணையில் பனி குளிர்காலத்தில் இறுகி நிற்கும். வெளிச்சம் திரும்பியபின், வசந்தத்தில், கிரைஸ் ஃபியோர்ட் வேட்டைக்காரர்கள் பனிவண்டியில் அதைக் கடந்து டெவனுக்கு வருவார்கள். ஜூனில் பனிமேல் உருகுநீர் குட்டைகள் நீலமாகத் தெரியத் தொடங்கி, விரிசல் அகலமானதும் அந்தப் பாதை முடிந்துவிடும்.